ரெண்டு பக்கமும் பொட்டு

நல்லாப் பொரட்டிப் பாருங்க சார். ஒங்களுக்குக் காட்டத்தான நாலு மாசமா இந்தக் கிழிஞ்ச டயர வீட்டுக்குள்ள வச்சிருக்கேன். மழை பட்டா, மழையில ஊறிருச்சுன்னு அதுக்கும் ஒண்ணு சொல்லுவீங்கல்ல, அதான் சாக்கு போட்டு மூடி வச்சேன்.

உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா? நான்தான் கலக்கித் தரணும். வீட்ல பொம்பள ஆளு இல்ல.

ஆமா, புகார்ல மொதக் கையெழுத்து நல்லகாமன்னு இருக்குல்ல, அது நான்தான். இங்க திருநகர்ல அஞ்சு பேரு, காளவாசல்ல மூணு பேரு. அம்புட்டுப் பேரு காருக்கும் ஒங்க கம்பெனி டயருதான். ஆறு மாசங்கூட ஓடல, பக்கவாட்டுல கொழுக்கட்டை கணக்கா வீங்குது. சுருளின்னு ஒருத்தரு, அவருக்கு பைபாஸ்லயே வெடிச்சுச்சு. உசுரு தப்புனதே பெரிய விசயம். கடையில போயிக் கேட்டா, குழியில விட்டிருப்பீங்கண்ணே, காத்து ஜாஸ்தியா வச்சிருப்பீங்கண்ணேன்னு நம்மளையே குத்தம் சொல்றான். கம்பெனிக்கு எழுதிப் போட்டோம். ஆளு வரும் வரும்னாங்க. ஒங்களச் சொல்லல சார், நீங்க சம்பளத்துக்கு வேலை பாக்குறவுக. நாலு மாசத்துக்கு முந்தி வந்திருக்கலாம், அம்புட்டுத்தான்.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். உள்ரூம்ல மகன் இருக்கான். சூரியபிரகாஷு. அன்னைக்கு அவன்தான் ஓட்டுனது. உசிலம்பட்டியில என் கொழுந்தியா பேத்திக்குக் காதுகுத்து. எனக்கு மில்லுல லீவு கெடைக்கல, சாயந்தரம் பஸ்ஸுல வாரேன்னுட்டேன். அவனும் அவங்காத்தாளும் மட்டும் கார்ல போனாக. செக்கானூரணி தாண்டி வெடிச்சிருச்சு. புளியமரத்துல போயி மோதிருச்சு. அவனுக்குக் கை முறிஞ்சதோட போச்சு. ராமக்காள், என் வீட்டுக்காரி, அங்கனயே முடிஞ்சு போனா.

அவன் சோறு திங்க மாட்டேங்குறான் சார். ஆடு குறுக்க வந்துச்சு, பொசுக்குன்னு பிரேக்க மிதிச்சிட்டேன், ஆத்தாள நான்தான் கொன்னுட்டேங்குறான். டயரு வெடிச்சதுடான்னு சொன்னா, டயரத்தான் மாத்தியாச்சுன்னு நீ சொன்னியேப்பா, மாத்துன டயரு எப்படி வெடிக்கும்ங்குறான்.

புது டயரும் வேணாம், ஒண்ணும் வேணாம் சார். டயர்னாலதான் போச்சு, ஓட்டுன பையன் மேல தப்பில்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். கம்பெனி ஆளு எழுதுனா நம்புவான்.

என்ன சார் பாக்குறீங்க? அதுவா. சந்தனந்தான். ரெண்டு பக்கமும் பொட்டு ஏதுன்னு கேக்குறீங்களா. சரியாத்தான் கண்டுபிடிச்சிட்டீங்க.

வெடிச்ச பக்கம் இருக்குல்ல, அது ஆயுத பூசைக்கு வச்சது. காரக் கழுவி நாலு சக்கரத்துக்கும் அவதான் பொட்டு வைப்பா. வைக்கயிலதான் வீக்கத்தப் பாத்துட்டா. ரெண்டு டயருல இருந்துச்சு. இதுல நான் ஏற மாட்டேன்னுட்டா. ஒண்ணக் கழட்டி ஸ்டெப்னிய மாட்டியாச்சு. இன்னொண்ணுக்கு என்ன செய்ய? புகார்தான் போட்டாச்சே, கம்பெனில இருந்து எப்படியும் புதுசு தருவாக, அதுவரைக்கும் ஓடட்டும்னு நெனச்சேன். காதுகுத்துக்கு மொத நாளு அவனியாபுரத்துல பஞ்சர் கடைக்குக் கொண்டு போனேன். டயரக் கழட்டி, வெளிப்பக்கம் உள்ள போற மாதிரித் திருப்பி மாட்டச் சொன்னேன். வீக்கம் உள்பக்கம் போயிருச்சு. வெளிப்பக்கத்துக்குக் கருப்பு பாலீசு அடிச்சுக் குடுத்தான். எல்லாரும் செய்யிறதுதான சார், கண்ணுக்குத் தெரியாட்டி சரியாப் போச்சுன்னு நெனைக்கிறது.

மாத்தியாச்சு, இனி பயப்படாம ஏறுன்னேன். சுத்திப் பாத்துட்டு, பொட்டக் காணோமேன்னா. புது டயருக்கு ஏது பொட்டுன்னேன். அப்படியே நம்பிட்டா சார். இருங்கன்னு உள்ள போயி, மறுபடியும் சந்தனம் கொழைச்சுக் கொண்டாந்து இந்தப் பக்கமும் வச்சுக் கும்புட்டா. இந்தா, இதுதான். அவ விரலு. தொடைச்சிரலாம்னு எத்தனையோ நாளு துணிய எடுத்திருக்கேன், முடியல.

எழுதுங்க சார். வீங்குனதுன்னு தெரிஞ்சே திருப்பி மாட்டிருக்குன்னு எழுதுங்க. மாட்டச் சொன்னது நல்லகாமன்னு எம் பேரையும் போடுங்க. எழுதிட்டு ஒருக்கா சத்தமா வாசிச்சிருங்க. கதவு தெறந்துதான் இருக்கு, அவனுக்குக் கேக்கும்.