துண்டு போட்ட இடம்

பகல் மூன்றரை மணி. ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகம். அரண்மனைக்குப் போகும் செம்மண் சாலையில் நாய்கூட இல்லை... கிராம்பு காய்கிற வாசனை மட்டும்.

அறுபத்து மூன்றாம் வருடம் மாடத்தியின் பெரியப்பா மகன் மாசானத்துக்கு நடந்தது இது. தாராவிக் குழாயடியில் குடம் போட்டு இடம் பிடித்துவிட்டு, விடியற்காலைத் தண்ணீருக்காக நெருங்கி உட்கார்ந்திருந்த பெண்களிடம் மாடத்தி சொன்னாள்.

மாசானம் கப்பலில் சமையல்காரன். கூட வந்த தனசீலனும் அதே கப்பல், அதே தாராவி. ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். பம்பாயில் மாசானத்தின் பெண்டாட்டி கனகவள்ளிக்கு நிறைமாதம்.

அரண்மனையில் இப்போது ராஜா இல்லை. சுற்றிப் பார்க்கத் திறந்து விட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் மனு கொடுக்க வந்தவர்கள் காத்திருந்த கூடத்தில், சுவர் நீளத்துக்கு ஒரு மர பெஞ்சு. காலியாகக் கிடந்தது. மாசானம் தோள் துண்டை எடுத்து அதில் போட்டான்.

"மேல பாத்துட்டு வந்து செத்த நேரம் உக்காருவோம்."

"ஏலே, இது என்ன பாசஞ்சர் வண்டியா, துண்டு போட?" தனசீலன் சிரித்தான். "ஒன் எடத்த யாரு வந்து பிடிக்கப் போறா?"

வாசல்காரக் கிழவன் துண்டைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மொட்டை மாடியில் கொளுத்துகிற வெயில். "தலை காயுதுல்லா... இந்தா" என்று தன் தொப்பியை மாசானத்தின் தலையில் கவிழ்த்துவிட்டு, பீடி குடிக்கத் தனசீலன் முதலில் இறங்கினான்.

மாசானம் கூடத்துக்கு வந்தபோது துண்டு நாலாக மடித்துக் கிடந்தது. எடுத்தான். சூடு... யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த சூடு. தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளினான்.

அதே கூடம். பெஞ்சில் துண்டு. தோளில் ஒன்றுமில்லை.

அடுத்த கதவு... அதே கூடம்.

க்ரீச்... பெஞ்சு முனகியது. ஒரு வரிசை ஆட்கள் நகர்ந்து இடம் விடுகிற மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. ஈரத்துணி வாடை. பழைய வியர்வை வாடை.

ஜன்னல் கம்பி வழியே பார்த்தான். கீழே வாசலில் தனசீலன். "ஏலே மாசானம்! மணி ஆச்சுல!" இவன் தொண்டை கிழியப் பதில் கொடுத்தான். அவன் நிமிரவே இல்லை.

கப்பலின் முதல் சங்கு ஊதியது.

துண்டு போட்டுப் பிடித்த இடத்தில் ஆள் வந்து உட்காராமல் இங்கே காத்திருப்பவர்கள் விட மாட்டார்கள். மாசானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தலையிலிருந்த தனசீலனின் தொப்பியைக் கழற்றினான். துண்டை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தொப்பியை வைத்தான்.

கதவு திறந்தது. சாலை!

வாசலில் யாருமில்லை. தரையில் பாதி பீடி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

மாசானம் கப்பலுக்கு ஓடினான்.

"பொறவு?" முருகம்மாள் தன் குடத்தை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

தனசீலன் கப்பலை விட்டு ஓடிவிட்டதாக எழுதிக்கொண்டார்கள். மாசானம் பம்பாய் வந்து சேர்ந்தான். பையன் பிறந்தான். ஆனால் அதற்கப்புறம் அவன் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. சோறுகூட நின்றுகொண்டுதான்.

மூன்று வருடம் கழித்து, பம்பாயில் ஆண்டாப் ஹில் போகிற பஸ். மூச்சுவிட முடியாத கூட்டம். நடுவில் ஒரே ஒரு சீட்டு காலி. அதில் ஒரு தொப்பி.

கனகவள்ளி அதை எடுத்து ஓரமாக வைத்தாள். "காய்ச்சலோட எம்புட்டு நேரந்தான் நிப்பிய? உக்காருங்க!" மாசானம் கம்பியை விடவில்லை. அவள்தான் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

கண்டக்டர் பக்கம் திரும்பி டிக்கெட் வாங்கினாள். பஸ் எங்கும் நிற்கவில்லை...

திரும்பினாள். சீட்டில் அவன் துண்டு மட்டும். நாலாக மடித்து.

தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.