படகுத்துறை வாசலை அடைத்தது குறித்து ஜிவானா தெசிச் சொன்னது

பெயர்: ஜிவானா தெசிச். தகப்பனார் பெயர்: திஹோமிர். வயது: 47. தொழில்: நீர்வளத் துறைக் கிளை அலுவலகத்தில் ஆற்று மட்டம் குறிக்கும் எழுத்தர். விலாசம்: எண் 9, கொல்லர் தெரு, கீழ்க்கோடி, ஸ்டாரி ரித். ஏப்ரல் 14, பிற்பகல் 2.20 மணிக்கு ஸ்டாரி ரித் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் லாலிச் கேட்க, நான் சொல்லி, அவர் எழுதியது.

பொய்ச் செய்தி பரப்பிப் பொதுமக்களிடையே பீதியை உண்டாக்கியதாகவும், அலுவலகச் சாவியை அனுமதியின்றி எடுத்ததாகவும் எங்கள் இயக்குநர் ஸ்ரெதென் வுயின் என் மீது கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நிரூபணமானால் வேலையும் போகும், சிறையும் உண்டு என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். புரிந்துகொண்டுதான் பேசுகிறேன். சாவியை எடுத்தது நான்தான். செய்தியைப் போட்டதும் நான்தான். அது பொய் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தினமும் காலையும் மாலையும் பாலத்தூணில் பதித்த அளவுப் பலகையைப் பார்த்து, தாமிஷ் ஆற்றின் மட்டத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடந்த மார்ச் 16 முதல் 'கண்' என்ற புதிய மென்பொருளை முப்பது நாள் சோதனையாக ஓட்டிப் பார்க்கும்படி இயக்குநர் எனக்கு உத்தரவிட்டார். பாலத்தடியில் ஒரு குழாய்க்குள் மிதவை தொங்கும். அது சொல்லும் மட்டத்தை வாங்கி, வரப்போகும் மூன்று நாளின் கணிப்பை மென்பொருள் திரையில் காட்டும். நான் கண்ணால் பார்த்த அளவையும் அதில் பதிய வேண்டும். தவறு ஏதும் தெரிந்தால் சோதனைப் படிவத்தில் எழுதி, மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். மென்பொருள் பார்க்க லட்சணமாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. திரையில் ஆறு நீலமாக நெளிந்து ஓடும். நிஜமான தாமிஷை நான் ஒருநாளும் நீலமாகப் பார்த்ததில்லை.

இது தவிர, இணையத்தில் 'தாமிஷ் பொய்யர்கள்' என்ற பெயரில் தூண்டில்காரர்களின் குழு ஒன்றை ஆறு வருடமாக நடத்தி வருகிறேன். இன்றைய கணக்குக்கு 2,840 பேர் இருக்கிறார்கள். குழுவில் ஒரே ஒரு விதிதான் உண்டு. மீன் படம் போடுகிறவர் தன் படகு கட்டும் கம்பத்தில் அன்று தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் படம் எடுத்துப் போட வேண்டும். போன வருடம் பிடித்த கெளுத்தியை இன்று பிடித்ததாகக் காட்டிப் பெருமையடித்தவர்கள் ஏராளம் என்பதால் இந்த விதியைக் கொண்டுவந்தேன். பக்கத்துக் கம்பத்தின் மட்டத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மீன் பழையது என்று தெரிந்துவிடும், ஆளை மூன்று நாள் வெளியே நிறுத்திவிடுவேன். அந்தக் கோடுகளைப் பாலத்துப் பலகையோடு ஒப்பிட்டு நானே இரண்டு கோடைகாலம் படகில் போய்ப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன். குழுவில் என்னை எல்லாரும் 'தூக்குக்காரி' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இன்று காலை 8.40 மணிக்கு வேலைக்கு வரும் வழியில் பாலத்தூணைப் பார்த்தேன். மட்டம் 574 செ.மீ. இருந்தது. அதன் பிறகு அலுவலகம் போய்த் திரையைப் பார்த்தேன். 512 என்று காட்டியது, பக்கத்தில் 'பாதுகாப்பு' என்று பச்சை விளக்கு எரிந்தது. நான் 574 என்று பதிந்தேன். 'சந்தேகத்துக்குரிய அளவு, திருத்தப்பட்டது, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று வந்தது. மறுபடி பதிந்தேன், மறுபடி நன்றி சொன்னது. மூன்றாவது தடவை நன்றி வந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்ஸ்பெக்டர் எழுத வேண்டாம் என்றார். எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு இயக்குநரின் அறைக்குப் போனேன். மட்டம் 600ஐத் தொட்டால் வெள்ளத் தடுப்புக் கரையில் படகுத்துறைச் சாலைக்காக விட்டிருக்கும் வாசல் வழியாக ஆறு உள்ளே வந்துவிடும். வாசலுக்கு இந்தப் பக்கம் இருப்பது கீழ்க்கோடி. இருநூற்றுப் பத்து வீடு, அவற்றுக்கெல்லாம் தாழ்வான இடத்தில் பாலர் பள்ளி. இன்று பள்ளிக்கு வந்திருந்த பிள்ளைகள் நாற்பத்தாறு பேர். வெள்ளக் காலத்தில் அந்த வாசலைப் பலகை போட்டு அடைக்க இயக்குநரின் உத்தரவு வேண்டும். அப்போது நடந்த பேச்சு எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"சார், வாசலை அடைக்கணும். இப்பவே."

"மெஷின் என்ன சொல்லுது?"

"மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு சார்."

"ஜிவானா, பன்னெண்டு மணிக்குத் தலைநகர்லேருந்து ஆளுங்க வர்றாங்க. அக்கரையிலேருந்து படகுல கார் ஏத்தி, அந்த வாசல் வழியாத்தான் வரணும். சோதனை வெற்றின்னு கையெழுத்துப் போடற அன்னிக்கு, வாசல்ல பலகையை அடுக்கி வச்சு வரவேற்கச் சொல்றீங்களா?"

நான் ஒருத்தி கண்ணால் பார்த்தது செல்லாது என்றால் இன்னும் எத்தனை பேர் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, அங்கேயே நின்றபடி குழுவில் 'மீன் வேண்டாம், கம்பத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள்' என்று எழுதினேன். கால் மணி நேரத்தில் நாற்பத்தொரு படம் வந்தது. எல்லாம் 570க்கு மேல். ஒரு மணி நேரம் முன்பு எடுத்த படத்தையும் சேர்த்துப் போட்டிருந்தவர்கள் ஏழு பேர். அதை வைத்துப் பார்த்தால் தண்ணீர் மணிக்கு எட்டு செ.மீ. ஏறுகிறது, நடுப்பகலில் வாசலைத் தொடும். எல்லாவற்றையும் இயக்குநரிடம் காட்டினேன். "பொய்யர்கள்னு தாங்களே பேர் வச்சிக்கிட்ட கும்பல். இதை நம்பி நான் உத்தரவு போடணுமா? படிவத்துல எழுதுங்க, மாசக் கடைசியில பாத்துக்கலாம்" என்றார்.

மாதக் கடைசியில் பார்க்கக் கீழ்க்கோடி இருக்காது என்று சொல்லிவிட்டு, அவர் மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த பலகைக் கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒளித்து எடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதன் பிறகு 9.32 மணிக்குக் குழுவில் நான் போட்ட செய்தி இதுதான்: 'இன்று யாரும் தூண்டில் போடக் கூடாது. 8.40க்கு மட்டம் 574, மணிக்கு எட்டு ஏறுகிறது. படகுத்துறை வாசலை அடைக்கப் போகிறேன். மண்வெட்டி, சாக்கு, டிராக்டர் வைத்திருப்பவர்கள் வரவும். கீழ்க்கோடிக்காரர்கள் பிள்ளைகளையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் மேட்டுப் பள்ளிக்குக் கூட்டிப் போகவும். சந்தேகம் கேட்பவர்கள் நீக்கப்படுவார்கள்.' இந்தக் கடைசி வரியை மிரட்டல் என்று புகாரில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது மிரட்டல்தான்.

நான் வாசலுக்குப் போய்ச் சேரும்போது படகு பழுதுபார்க்கும் பிஷ்டா அண்ணன் தன் டிராக்டரோடு ஏற்கெனவே வந்திருந்தார். "என்ன தங்கச்சி, ஆறு வருஷமா எங்களை விரட்டினே, இன்னிக்குத்தான் கூப்பிட்டிருக்கே" என்றார். கொட்டகையைத் திறந்தோம். பலகைகளை வாசலின் இரண்டு பக்கத் தூணிலும் உள்ள பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினோம். இரண்டு வரிசையாகப் பலகை போட்டு, நடுவில் களிமண் கொட்டி மிதிக்க வேண்டும். பத்தரை மணிக்கு வேலை செய்த பொதுமக்கள் நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள், பிஷ்டா அண்ணன்தான் எண்ணினார். ஒருவரும் ஓடவில்லை, அலறவில்லை. சாக்கு கைக்குக் கை வரிசையாகப் போனது. செய்தியின் கீழே 'நெஜமாவா?' என்று கேட்டிருந்த மீசை லூபாவை நான் சொன்னபடியே நீக்கியிருந்தேன். அந்த ஆள் மண்வெட்டியோடு நேரில் வந்து நின்றார். "குழுவுல கேட்டாத் தூக்கிடறே. அதான் நேர்ல கேக்க வந்தேன். நெஜமாவா?" என்றார். களிமண்ணை மிதிக்கச் சொன்னேன், மிதித்தார்.

பாலர் பள்ளிப் பிள்ளைகள் நாற்பத்தாறு பேரையும் ஆசிரியைகள் கயிறு பிடிக்க வைத்து மேட்டுப் பள்ளிக்கு நடத்திப் போனார்கள். கடைசிப் பிள்ளை மேடேறும் வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது. கணக்கு தப்பினால் எனக்குச் சிறை, தப்பாவிட்டால் ஊருக்கு வெள்ளம். தப்பிவிட்டால் கூடத் தேவலை என்று மனதார நினைத்தேன்.

11.50 மணிக்கு வேலை முடிந்தது. அதன் பிறகு 12.20க்கு இயக்குநர் கரைக்கு வந்தார். அக்கரையில் விருந்தாளிகளின் கார் நின்றுகொண்டிருந்தது. கார் ஏற்றும் பெரும் படகை ஓட்டுபவரும் எங்கள் குழுதான், இந்த மட்டத்தில் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அப்போது பலகையின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. "இது மழைத்தண்ணி" என்று இயக்குநர் எல்லார் முன்னிலும் சொன்னார். நேற்றும் இன்றும் மழை பெய்யவில்லை. அவர் போனில் மென்பொருள் காட்டிய 512 என்ற எண்ணும் பச்சை விளக்கும் இருந்தன. அதைப் படம் எடுத்துத்தான் புகாரோடு கொடுத்திருக்கிறார். நான் சொன்னது பொய் என்பதற்கு அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

ஒரு மணிக்குப் பிஷ்டா அண்ணன் படகில் பாலத்தடிக்குப் போய் மிதவைக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தார். குழாயின் வாய் சேறும் கரையோர வில்லோ மரத்தின் வேரும் அடைத்துக் கெட்டியாக இருந்ததாகவும், உள்ளே ஆறு ஏறவே வழியில்லை என்றும் சொன்னார். 1.45க்கு இன்ஸ்பெக்டர் வந்து என்னை அழைத்துப் போனார். நான் எதிர்ப்பு தெரிவிக்கவில்லை, கையில் இருந்த மண்வெட்டியை மட்டும் லூபாவிடம் கொடுத்தேன்.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் என்னிடம், 'செய்தி பொய்யானது என்று தெரிந்திருந்தும் போட்டேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் விஷயம் கண்டிப்போடு முடியும், குறிப்பேட்டில் ஏறாது என்றார். நான் மறுத்தேன். காவல் நிலையத்திலிருந்து வாசல் முந்நூறு அடி தூரம்தான். எழுதுவதை நிறுத்திவிட்டு நேரில் வந்து அளந்து பாருங்கள், அளவு 600க்குக் கீழே இருந்தால் நீங்கள் சொல்லும் வரியை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வாங்கம்மா, போய்ப் பாத்துடுவோம்" என்று எழுந்தார். மணி 4.05.

வாசலில் வேலை செய்த பொதுமக்கள் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். இயக்குநரும் இருந்தார். அவர் கால்சட்டை முழங்கால் வரை சேறாகியிருந்தது, எதற்காக இறங்கினார் என்று நான் கேட்கவில்லை. வாசல் தூணில் பதித்த அளவுக்கோட்டை இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், தன் நாடாவால் பலகை அடியிலிருந்து தண்ணீர் உயரத்தையும் அளந்தார். அதன் பிறகு இயக்குநரைப் பார்த்து, "சார், மட்டம் வாசிக்கற அதிகாரம் உங்க துறைக்குத்தானே? வாசிங்க, எழுதிக்கறேன்" என்றார்.

இயக்குநர் கரையில் மண்டி போட்டுப் பார்த்தார். ஏதோ சொன்னார். "கேக்கல சார், சத்தமா!" என்று பிஷ்டா அண்ணன் கத்தினார். இயக்குநர் எழுந்து நின்று, "அறுநூத்து முப்பத்தொண்ணு" என்று உரக்கச் சொன்னார். கரை முழுக்கக் கூச்சல் எழுந்தது. சாக்கோடு நின்றவர்கள் சாக்கைக் கீழே போட்டுக் கை தட்டினார்கள். லூபா தொப்பியை ஆற்றில் வீசிவிட்டுப் பிறகு அதற்காக வருத்தப்பட்டார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். பலகைக்கு அந்தப் பக்கம் ஆறு முழங்கால் அளவுக்கு நின்றது. இந்தப் பக்கம் சாலையில் புழுதி இருந்தது.

நாங்கள் காவல் நிலையத்துக்குத் திரும்பினோம். இயக்குநரும் கூட வந்தார். மேலும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது, ஆறு இறங்கிய பிறகே கொடுப்பேன். ஏறும் வேகம் குறையத் தொடங்கியிருக்கிறது, ஆனாலும் நாளை காலைக்குள் இன்னும் இருபது செ.மீ. ஏறும் என்று கணக்கு சொல்கிறது, அதனால் என்னைச் சீக்கிரம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் பார்த்ததும் செய்ததும் சொன்னதும் சொன்னபடியே இருக்கின்றன. 'பீதியடைந்த பொதுமக்கள்' என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்த இரண்டு இடத்தில் அடித்துவிட்டு, 'வேலை செய்த பொதுமக்கள்' என்று திருத்தி, ஓரத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஒப்பம்: ஜிவானா தெசிச்

பதிவு செய்தவர்: இன்ஸ்பெக்டர் லாலிச், மாலை 4.50

மட்டம் 631 செ.மீ. என்பதை நேரில் வாசித்த சாட்சி: ஸ்ரெதென் வுயின், இயக்குநர்