குட்டைச் சாவிக்குக் கதவு திறவாத சுல்மா எட்செவெரி அவர்களுக்கு

மொந்தேவிதேயோ பழைய நகரில், துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில், இன்று பணிநிறைவு பெறும் எங்கள் மூத்த மென்பொருளாளருக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி வாசித்தளிப்பது.

கையொப்பத்தின் கண்ணியம் காத்த காவலரே! சாவியின் சத்தைச் சோதித்த சலியாத சான்றோரே! ‘முடியாது’ என்னும் ஒரு சொல்லை முகஞ்சுளியாது மொழிந்த எங்கள் முதல்வரே, வணக்கம்!

தங்களைப் புகழத் தகுதியானவர் எங்களுள் யார் என்று தேடினோம். அன்புடையோர் பலர் அகப்பட்டனர். ஆனால் அன்புடையோர் பாதியைப் பார்த்துவிட்டு மீதியை நம்பிவிடுகிறார்கள். தங்களை முழுதாகப் பார்த்தவர் ஒருவர்தாம்: ஆண்டுக்கணக்காக எதிர்மேசையில் அமர்ந்து அணு அணுவாய் அவிந்துபோன வில்மார் தெச்சேரா. பொறாமைக்காரர் கண்ணுக்கு ஒன்றும் தப்புவதில்லை. சென்ற வெள்ளிக்கிழமை இறைச்சி சுடுகையில், தணலைக் கிளறியபடி அவரே எங்களிடம் சொன்னார்:

“தேனா ஊத்தி எழுதாதீங்கப்பா. அவங்களப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சத எழுதுங்க. அதுதான் நிஜமான பாராட்டு.”

“இது தெரிஞ்சிருந்தா விறகே வாங்கியிருக்க வேணாம். உன் வயித்து மேலயே சுட்டிருக்கலாம்,” என்றார் கணக்குப் பிரிவு இவான்னா.

ஆகவே இம்மடல் அவர் எரிச்சலின் வெளிச்சத்தில் எழுதப்பட்டது.

எச்சரிக்கையை எல்லையாக்கிய ஏந்தலே!

ஆளின் பெயரையும், அவர் எதைத் திறக்கலாம் என்பதையும் எழுதிக் கீழே ஒப்பமிட்டு நம் மென்பொருள் நீட்டுகிறதே ஒரு டோக்கன், அந்த ஒப்பம், வாடிக்கையாளர் வைக்கும் சாவி என்னும் ஓர் இரகசிய எழுத்துத்தொடரால் இடப்படுவது. சாவி குட்டையானால், டோக்கன் ஒன்று கையில் சிக்கிய எவனும் ஊர்ப்பெயர், நாய்ப்பெயர், காதலி பெயர் என்று வரிசையாய் முயன்று சாவியைக் கண்டுகொள்வான். கண்டவன் யார் பெயரிலும் டோக்கன் எழுதுவான். மென்பொருளும் அவனுக்கு வணக்கம் வைத்து வழிவிடும்.

இதை முதலில் கவனித்தவர் வில்மார். மென்பொருள் கிளம்பும்போது, ‘சாவி பலவீனமாக உள்ளது, மாற்றவும்’ என்று மஞ்சள் வரி ஒன்று காட்டும்படி எழுதினார். அதோடு விட்டார். செர்ரோ குன்றின் இறைச்சி ஆலையில் தகப்பனும் மகனுமாய்த் தோளில் மாட்டுத்தொடை சுமந்த குடும்பம் அவருடையது. அங்கே கொக்கிச் சங்கிலி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்துகிறவனுக்கு வசவு, ஓட்டுகிறவனுக்குச் சோறு. ஓடுவதை நிறுத்துவது அவர் கைக்குப் பழகாத காரியம்.

தாங்களோ அந்த மஞ்சள் வரியைத் தூக்கி எறிந்தீர்கள். சாவி குட்டையானால் மென்பொருள் கிளம்பவே கூடாது என்று எழுதிவைத்தீர்கள்.

“ஏன் எடுத்தீங்க என் வரிய?”

“யாராவது படிச்சாங்களா, வில்மார்?”

“படிக்காதது அவங்க தப்பு.”

“சரி, தப்பு அவங்களது. டோக்கன்ல இருக்கிற கையெழுத்து நம்மளதாச்சே?”

அன்றிலிருந்து அவ்விதி ஊரெல்லாம் ‘சுல்மா விதி’ ஆயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் புவேனோஸ் ஐரெஸ் மென்பொருள் மாநாட்டுக்கும் தங்களையே அழைத்தார்கள். கப்பலேறப் போன தங்கள் பெட்டியைப் படியிறக்கித் தந்தவர் வில்மார்தாம். “வெத போட்டது நான், மாநாட்டுக்குப் போறது இவங்களா?” என்று அவர் படிக்கட்டிடம் கேட்டதை இவான்னா கேட்டிருக்கிறார்.

பால் பொங்கிய நாளிலும் பதறாத பண்பே!

மறப்போமா அந்தத் திங்கட்கிழமையை! நம் நாட்டு ஃப்ளோரிதா பக்கத்துப் பால் கூட்டுறவில் புதிய பதிப்பை நிறுவினார்கள்; சாவி குட்டை; மென்பொருள் கிளம்பவில்லை. வண்டிகள் வாசலில் வரிசை கட்ட, வெயில் ஏற, கூட்டுறவின் ஆத்திலியோ தொலைபேசியில் கதறினார்.

“சுல்மா அம்மா, பால் கொதிக்குதோ இல்லியோ, என் டிரைவருங்க கொதிக்கிறாங்க! இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க!”

“சாவி என்ன வெச்சிருக்கீங்க?”

“என் ஃபுட்பால் அணி பேரும் நான் பொறந்த வருஷமும்.”

“எந்த அணின்னு கேக்கவே வேணாம். போன வாட்டி அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டுத்தானே வந்தீங்க? போனை வைக்காதீங்க. புதுச் சாவிய மெஷினே குலுக்கித் தரும். நான் சொல்லச் சொல்ல செய்ங்க.”

தாங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதே எதிர்மேசையில் வில்மாரின் விரல்கள் பறந்தன. குட்டைச் சாவியை அதோடு அதையே ஒட்டி, போதுமான நீளம் வரும்வரை ஒட்டி, விதியின் வாயை அடைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி அனுப்பினார். பழைய சாவியோடே மென்பொருள் கிளம்ப, தாங்கள் தொலைபேசியை வைக்குமுன் வண்டிகள் நகர்ந்துவிட்டன. மேலாளர் கெரார்தோ அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைகளே இன்று இம்மடலில் ஒப்பமிடுகின்றன.

“விதி கேட்டது நீளம்தானே? குடுத்துட்டேன்,” என்று வில்மார் நாற்காலியில் சாய்ந்தார். தம் வாழ்நாளில் அத்தனை உயரமாக அவர் உட்கார்ந்ததில்லை.

தாங்கள் வாதாடவில்லை. மாத்தே இலைத்தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிப் பக்கத்தவரிடம் நீட்டினீர்கள். கூட்டுறவின் சோதனைப் பிரதியிலிருந்து டோக்கன் ஒன்றை எடுத்துத் தங்கள் கணினியில் வைத்தீர்கள். நாட்டுக் கால்பந்து அணிகளின் பெயர்களோடு ஆண்டுகளைச் சேர்த்தும், சேர்த்ததை மீண்டும் மீண்டும் ஒட்டியும் முயன்று பார்க்க ஏவினீர்கள். குடுவை கைமாறி வில்மாரிடம் வந்து சேருமுன் சாவி திரையில் நின்றது. அதைக்கொண்டு ஆத்திலியோவின் பெயரில் டோக்கன் எழுதினீர்கள். சோதனைப் பிரதி, “வருக ஆத்திலியோ!” என்று தங்களை வரவேற்றது.

எங்கள் தலைகள் தாமாகவே தாழ்ந்தன. தாங்கள் அவற்றை இன்னும் அழுத்தியிருக்கலாம். ஆனால் சொன்னது வேறு:

“வில்மார் நீளத்த சரியாத்தான் எண்ணியிருக்கார். ஊகிக்க முடியுமான்னு பார்க்கறத நான்தான் விட்டுட்டேன். இவர் ஒட்டுன மாதிரி நாளைக்கு ஊர்ல எல்லாரும் ஒட்டுவாங்க. ஒட்டுச் சாவியக் கண்டுபிடிச்சுத் தள்ளுற நிரல இவரே எழுதட்டும். இவரவிட அதுக்கு யாரு இருக்கா?”

எழுதினார். இன்றும் அந்த நிரலின் தலையில் அவர் பெயர்தான் இருக்கிறது. தணலருகே அதைப் பற்றி அவர் சொன்னது: “திட்டியிருந்தா அன்னிக்கே நிம்மதியாத் தூங்கியிருப்பேன். தப்ப தன் மேல போட்டுக்கிட்டு என்னப் பாராட்டிட்டாங்க. அதுதான்யா இன்னும் தாங்கல.”

வாய் திறவாமலே வழிநடத்திய வல்லமையே!

தங்கள் நாற்காலி யாருக்கு என்ற கேள்விக்கு இந்தச் செவ்வாய்க்கிழமை விடை வந்தது. “நீதான் வில்மார்,” என்றார் கெரார்தோ. எத்தனையோ ஆண்டு ஏங்கிய செய்தி! மூச்சு விடுமுன் அடுத்ததும் வந்தது: “பஸ் கம்பெனி நம்மகிட்ட வர்றாங்க. அவங்க பழைய கம்ப்யூட்டர் பெட்டியில குட்டைச் சாவிதான் நிக்குமாம். விதிய அணைக்க ஒரு சுவிட்ச் வெச்சுக் குடு. தற்காலிகமாத்தான்.”

இந்த மாடியில் தற்காலிகமாக வைத்த எதுவும் இதுவரை எடுக்கப்பட்டதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ‘சரி’ என்றால் அணைப்பும் முத்தமும் கைதட்டலும் மறுபடி வரும். தங்கள் நிழல் விழாத நாள் ஒன்று வில்மாருக்கு முதல்முறையாகக் கிடைக்கும். தங்கள் விதியோ தாங்கள் படியிறங்குமுன்பே செத்துப்போகும். அவர் தங்களைப் பார்த்தார். தாங்கள் மேசை இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தீர்கள், நிமிரவே இல்லை. வந்து தடுப்பீர்கள் என்று காத்தார். வரவில்லை. அவர் காது சிவந்தது.

“சுவிட்ச் கிடையாது,” என்றார்.

“என்னப்பா?”

“குட்டைச் சாவிக்குச் சுவிட்ச் கிடையாது, கெரார்தோ. பழைய பெட்டிய அவங்க மாத்தட்டும். முடியலையா, நடுவுல நல்ல சாவியோட ஒரு பெட்டிய நாம வெச்சுத் தர்றோம். அதுக்கு மேல என்னால ஆகாது.”

கெரார்தோ பஸ் நிறுவனத்தை அழைத்துத் தொலைபேசியை அவர் கையில் திணித்தார். வில்மார் அதையே திருப்பிச் சொன்னதும் நிறுவனத்து மனிதர் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது: “நீ யாருய்யா முடியாதுன்னு சொல்ல? அந்த அம்மா எங்க? அவங்களக் கூப்பிடு! அவங்களாவது நியாயம் தெரிஞ்சவங்க!”

வில்மார் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “பார்த்தீங்கள்ல? முடியாதுன்னு சொல்றதுலகூட அவங்கதான் ஃபர்ஸ்ட்டு!”

ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, முறிந்தும் போகலாம். ஆயினும் தங்கள் விதி தாங்கள் இல்லாமலும் நிற்கும் என்பதைக் கண்ணாரக் கண்ட பிறகே இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தோம்.

எங்கள் பெருமைக்குரியவரே!

திங்கட்கிழமை காலை நாங்கள் வசவு வாங்கும் வேளையில் தாங்கள் கடற்சுவரில் காலாட்டிக்கொண்டு தூண்டில் போடுவீர்கள் என்று நினைக்கையில் எங்களுக்கும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடே வாழ்த்துகிறோம்: முழங்கால் வலி முற்றும் நீங்குக! மீன்கள் தங்களை ஏமாற்றாதிருக்க! பார்வை மங்காது, பசி குன்றாது, பல்லாண்டு நலத்தோடு நீவிர் வாழ்க!

இறுதி வரி தம்முடையதாக இருக்க வேண்டும் என்று வில்மார் கேட்டார். மறுக்க மனமின்றி அவர் சொன்னபடியே சேர்க்கிறோம்: தாங்கள் நூறாண்டு வாழ்ந்தே ஆக வேண்டும். தங்களை அவர் மிஞ்சும் நாளில் அதைப் பார்க்கத் தாங்கள் இல்லையென்றால், மிஞ்சி அவருக்கு என்ன பயன்?

என்றும் தங்கள்,
மூன்றாம் மாடிப் பணியாளர்கள்
மொந்தேவிதேயோ