குலிக் மேடு

காபி வேண்டாம் இன்ஸ்பெக்டர் அம்மா. பத்து மணிக்கு மேல் குடித்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. நான் நடந்துகொண்டே பேசலாமா? இந்த வாரம் முழுக்க இப்படித்தான், உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை.

டாராஸ் குலிக் கெட்டவன் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பூமிக்கடியில் இருப்பதை வரைபடமாக்குவதில் கெட்டிக்காரன். கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நான் பதினொரு வருஷம்.

இந்தப் பக்கம் ஹீலியம் எங்கிருந்து வருகிறதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் கிடக்கும் பழைய கருங்கல் கோடிக்கணக்கான வருஷமாக அதைக் கசியவிடுகிறது. அது விரிசல் வழியே ஏறி வரும். மேலே கெட்டியான படுகை மூடியிருந்தால், கருங்கல் எங்கே மேடாகப் புடைத்திருக்கிறதோ அங்கே போய்த் தங்கும். இத்தனையும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். அந்த இடம் நம்முடைய உரிமக் கட்டத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கட்டம் என்பது அரசாங்கம் வரைபடத்தில் போட்ட கோடு. வாயுவுக்குக் கோடு தெரியாது.

எங்கள் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். கிழக்குக் கட்டத்தையும் எடுக்கலாமா என்று அப்போது கேட்டார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான். எண்ணெய் தேடியவர்கள் ஐம்பத்தேழில் தோண்டிய கிணறு ஒன்று அங்கே கிடக்கிறது. வந்த வாயு தீக்குச்சியை அணைத்ததாம், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் கட்டத்தில் இரண்டு துளை போட்டோம். இரண்டும் வெறுமை. கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் ஊர்க்காரி மேவிஸ் என்னைக் கிண்டல் பண்ணாமல் விடவில்லை.

"என்ன எல்மரு, என் பேத்தி பொறந்தநாளுக்காவது ஒரு பலூன் ரொப்பித் தருவியா, இல்ல நானே வாயால ஊதிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன திங்கட்கிழமை டாராஸ் என் மேசையில் படத்தை விரித்தான்.

"எல்மர் சார், மேடு நம்ம கட்டத்துல இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம், ரெண்டு கிலோமீட்டர். பழைய கிணத்துக்கு நேர் கீழ."

"தப்பா இருக்கும்பா."

"மூணு தடவ பாத்துட்டேன் சார். வியாழக்கிழமை டைரக்டருங்க வர்றாங்கல்ல, சொல்லிடறேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாத்தான் கிடக்கு. நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? அப்ப இருந்த படத்துல இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

எனக்கு ஆறுதல் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை காலை, வாயு மாதிரி எடுக்கலாம் என்று அவனைப் பழைய கிணற்றுக்கு அழைத்துப் போனேன். கிணற்று வாயைச் சுற்றி ஆள் உயரத்துக்கு கான்கிரீட் குழி, மேலே இரும்பு மூடி. குழாயில் கசிவு உண்டு. ஹீலியத்தோடு வருவது பெரும்பாலும் நைட்ரஜன். மணம் கிடையாது. மூச்சு முட்டுவதுபோலக்கூடத் தோன்றாது. இரண்டு இழுப்பு, கால் மடங்கிவிடும். இந்த ஊர்க்காரர்கள் தீப்பிடிக்கிற வாயுவுக்கும் அழுகிய முட்டை நாற்றமடிக்கிற விஷ வாயுவுக்கும்தான் பயப்படுவார்கள். தீக்குச்சியை அணைக்கிற வாயு என்றால் அவர்களுக்குச் சாது.

நான் அவனுக்குக் கொடுத்த பழைய வாயு அலாரமும் அந்த இரண்டுக்குத்தான் கத்தும். பிராணவாயு குறைந்தால் கத்துகிற அவனுடைய புது அலாரம் ஆபீசில் சார்ஜில் இருந்தது. செருகி வைத்தவன் நான்.

"மூடி ஓரமெல்லாம் புதுக் களிமண்ணா இருக்கே சார்?"

"பாம்பு புகுந்துடக் கூடாதேன்னு நேத்து சாயங்காலம் அப்பினேன். அதுக்கு முன்னாடி பகல் பூரா திறந்துபோட்டுக் காத்தாட விட்டாச்சு. சும்மா இறங்கு. உன் மேட்டை நீயே பிடிச்சுட்டு வா."

பகலெல்லாம் திறந்து வைத்தேன் என்றது பொய். அந்த ஒரு பொய்தான். பாம்புக்காக என்றது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அங்கே விரியன் உண்டு. ராத்திரி முழுக்கக் கசிந்த வாயுவையும் அந்தக் களிமண் வெளியே விடவில்லை.

மாதிரி பிடிக்கும் பாட்டிலோடு இறங்கினான். "அலாரம் கம்முனு இருக்கு சார்" என்றான். குழாயோரம் பாட்டிலைப் பிடித்து மூடினான். பிறகு சுவரில் சாய்ந்தான், அசதியில் உட்கார்பவனைப் போல.

காற்று உருளையும் முகமூடியும் வண்டியில் இருந்தன. மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். இருபது நிமிஷம் கழித்து, பாட்டிலை எடுக்க.

ஆமாம், சாவான் என்று தெரிந்துதான் இறக்கினேன். சுற்றி வளைப்பானேன்.

மறுநாள் டைரக்டர்கள் வந்து, விபத்து என்றே நம்பி, துக்கம் விசாரித்தார்கள். அப்புறம் நான் அவன் படத்தை என் படமாக விரித்தேன். சாயங்காலமே கிழக்குக் கட்டத்துக்கு விண்ணப்பம் போனது. நேற்று பாட்டிலின் சோதனை முடிவு வந்தது, நூற்றுக்கு இரண்டு பங்கு ஹீலியம். அவன் கணக்கு துல்லியம். மேவிஸும் இப்போது பலூன் பேச்சை எடுப்பதில்லை.

மேட்டைக் கண்டுபிடித்தவன்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும், எங்கள் தொழிலில் அது வழக்கம். என்னைத்தான் கேட்டார்கள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை, குலிக் மேடு என்றேன். பெரிய மனசு உங்களுக்கு என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள் அம்மா, அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று.