ஒரு கலோரிகூடக் குறைக்கவில்லை

அரிசிக்கும் பருப்புக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது என்றால் படித்தவர்களே நம்புவதில்லை. எதை எடுத்தாலும் நூறு கிராமுக்கு முந்நூற்றைம்பதை ஒட்டித்தான் வரும். நோயாளிகளுக்குச் சாப்பாட்டு முறை வகுத்துக் கொடுப்பது ஆஸ்பத்திரியில் என் வேலை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. நீங்கள் கேட்பதால் இன்னொரு முறை சொல்கிறேன்.

என் தங்கையின் காலில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியது விபத்துதான், ஐயா. அதில் என் கை இல்லை. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டி, என் வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறியதும் அவள் கணவர் தான் வேலை பார்க்கும் வெளியூருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. வீடுகூடப் பார்த்துவிட்டார். அம்மா போனபின் அவளுக்குத் தலைவாரி, காய்ச்சலில் கண்விழித்து ஆளாக்கியவள் நான். புதுவீட்டில் திரைச்சீலை என்ன நிறத்தில் போடலாம் என்று அவள் என்னிடமே கேட்டாள். நீலம் என்றேன்.

பாலும் முட்டையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. இறைச்சி வாசனையே ஆகாது. ஆகவே வறுத்து அரைத்த பருப்பு மாவில் மூன்று வேளையும் கஞ்சி. மருத்துவர் சொன்னதும் அதுதான். நான் பருப்பு மாவுக்குப் பதிலாக அரிசி மாவைப் போட்டேன். நிறத்துக்கு மஞ்சள்தூள், வாசனைக்குக் கொஞ்சம் சீரகம். தராசில் வைத்து அளந்துதான் போட்டேன். அவளைப் பட்டினி போடவில்லை.

ஒருநாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "என்னக்கா, கஞ்சி ஆஸ்பத்திரியில குடிச்சமாதிரி இல்லையே, வழவழன்னு இருக்கு" என்றாள்.

"நைசா அரைச்சிருக்கேன், உனக்கு முழுங்க சுலபமா இருக்கட்டுமேன்னு" என்றேன்.

"நீ இல்லன்னா என் கதி என்னக்கா" என்று சிரித்துக்கொண்டே குடித்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பருப்பு மாவு டப்பாவை எடுத்துத் திறக்கக்கூடச் செய்தேன். அப்போது அவள் பக்கத்து அறையில் கணவரோடு போனில் பேசி, எந்த ரயிலில் கிளம்பலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூடி வைத்துவிட்டேன்.

வயிறு நிறைய கலோரி போதும். புதுத் தோல் ஒட்டிப் பிடிக்கப் புரதம் வேண்டும். அது எனக்குத் தெரியாதா? ஒட்டிய தோல் ஓரங்களில் கருத்து உரிந்தது. எடை குறையவில்லையே என்று மருத்துவர் தைரியம் சொன்னார். எடை நின்றது, புரதம் குறைந்து அவள் பாதத்திலும் முகத்திலும் கோத்திருந்த நீரால். அதையும் நான் சொல்லவில்லை. புண் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகட்டும், அந்த ரயில் போய்விடட்டும் என்றுதான் நினைத்தேன். சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

கணவர் பதறியடித்து வந்து, தானே கஞ்சி காய்ச்சுகிறேன் என்று அடுப்படிக்குள் போனார். பருப்பு மாவு டப்பாவைத் திறந்ததும் வண்டு ஊர்ந்தது. டப்பா கழுத்துவரை நிறைந்திருந்தது.

"அக்கா, இதத் தொடவே இல்லையா நீங்க?" என்றார். சத்தம் போடவில்லை. டப்பாவை மட்டும் என் முன்னால் வைத்தார். அதன்பிறகுதான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். நேற்று முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்துவிட்டார்கள். என் கண்ணை மூடினால் அந்த டப்பாதான் வருகிறது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் என்னைப் பற்றித்தான் பேசினாளாம். அக்காவை உள்ளே விடாதீர்கள் என்றாளாம். அது கோபம், ஐயா, சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூக்குக்கு மேல் வரும், பிறகு தானாகத் தணிந்துவிடும். நான் வெளியே வரும்வரை பொறுத்துக்கொள்வாள். அந்த ஒற்றைக் காலோடு என்னை விட்டு எங்கே போய்விடப் போகிறாள்?