நிறையாமல் கிளம்பிய ஜீப்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, சேலத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் மருத்துவ நண்பர்களே, மஞ்சக்குட்டையிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் நாலு பேரே, வணக்கம்.

சிறுநீரக மருத்துவர் மேனகா சென்ற வாரம் மாரடைப்பில் காலமானார். நீட்டி முழக்கினால் அவருக்குப் பிடிக்காது. "விஷயத்துக்கு வாங்க சார்" என்பார். வருகிறேன்.

நம் ரத்தத்தில் கிருமிகளைக் கொல்லும் காவல் புரதங்கள் உண்டு. மிகச் சிலருக்கு அவை கட்டுமீறிச் சொந்தச் சிறுநீரகத்தையே தாக்கும். வேலியே பயிரை மேய்கிற நோய். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினாலும் அதையும் விடாது. அந்தப் புரதங்களை அடக்க இப்போது மருந்து இருக்கிறது, கிடைப்பதுதான் அரிது. டாக்டர் மேனகா ஓயாமல் அலைந்து மஞ்சக்குட்டை வேலுசாமிக்கும், அதே ஊர் ஆராயி அம்மாளுக்கும் அதை வாங்கித் தந்தார்.

சிக்கல் அதோடு தீர்ந்ததா? காவலை அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். தடுப்பூசி போட்டிருந்தாலும், காய்ச்சல் கண்டால் உடனே இங்கே நம் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். வேலுசாமிக்குக் காய்ச்சல் கண்டது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். ஆள் நிறையாமல் ஜீப் கிளம்பாது, அது மலை வழக்கம். நாலு பேரைத் தொந்தரவு செய்வானேன் என்று அவரும் வாய் திறக்கவில்லை. வந்து சேர்ந்தபோது நினைவில்லை. பிழைக்கவில்லை.

டாக்டர் மேனகா யாரைத் திட்டினார்? யாரையும் இல்லை. நேரே ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார். அவரோடு வேலை பார்த்த நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, நெறையாம எடுத்தா பின்னால வர்ற சனம் சண்டைக்கு வருமுங்களே" என்றார் ஓட்டுநர் அங்கப்பன்.

"ஏனுங்கண்ணா, ஆள் சேர்ற வரைக்கும் காச்சல் நிக்குமுங்களா?"

"ஆராயி ஊடு எனக்குத் தெரியுமுங்க" என்று மட்டும் அங்கப்பன் சொன்னார்.

அரிய மருந்தை வாங்கித் தந்தவர் என்று இங்கே பலரும் புகழ்ந்தார்கள். உண்மைதான். நான் புகழ்வது ஜீப் ஸ்டாண்டில் நின்ற டாக்டர் மேனகாவை. அவர் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறச் சொன்னார்கள். ஆராயி அம்மாளின் மருந்து தடைபடாமல் பார்ப்பது என் பொறுப்பு. மற்றது?

இந்தக் கூட்டத்துக்கு வரும் ஆட்களுக்காக இன்று காலை மஞ்சக்குட்டையில் ஜீப் நின்றிருந்தது. நாலு பேர் ஏறியிருந்தபோது ஆராயி அம்மாள் காய்ச்சலோடு வந்தார். அங்கப்பன் வண்டியை எடுத்துவிட்டார். மற்றவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. நம் செவிலியர் ஹேமலதா கிருமியைக் கொல்லும் முதல் ஊசியைப் போட்டுச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்.

சற்று முன் அங்கிருந்து ஆராயி அம்மாள் போனில் பேசினார். தெளிவாகத்தான் பேசினார்.

"கூட்டத்துக்கு வர முடியலீங்க சார். டாக்டரம்மா கோவிச்சுக்குவாங்களா?"

மாட்டார்.