மருந்து அறைக்கு எட்டிய குரல்

வாக்கி டாக்கியை வேட்டி மடிப்பில் செருகக் கூடாது சார், கனத்தில் வேட்டி இறங்கிவிடும். பெல்ட் வேண்டும். என் சேக்காளி முதலாளிமார் எல்லோரும் அந்த வருஷம் வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டியது அதனால்தான். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது நம் இடுப்பு கரகரத்தால் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் நானும் வாங்கினேன்.

நாரணாபுரம் பக்கம் என் பட்டாசுக் கம்பெனி. வெளியே நின்று அதில் பேசினால் ஆபீஸுக்குக் கேட்கும். கடைசியில் இருக்கும், வெடிமருந்து கலக்கும் மருந்து அறைக்குள் போய்விட்டால் வெறும் இரைச்சல். சுவர் அவ்வளவு கனம்.

இதில் எனக்கொரு சங்கடம். வானம் இருட்டினால் மருந்து அறை ஆட்கள் போட்டது போட்டபடி வெளியேறிவிடுவார்கள். யாரையும் கேட்பதில்லை, தொழிலில் அப்படி ஒரு வழக்கம். தீபாவளி சீசனில் தினமும் சாயங்காலம் மேகம் வந்தால் லோடு எப்படி ஏறும்? இனி என்னைக் கேட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்றேன்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்ட மாரித்தாய், "உள்ள இருந்து கூப்பிட்டா உங்களுக்குக் கேக்க மாட்டேங்குதே மொதலாளி. அதுவரைக்கும் இடிய நிக்கச் சொல்லவா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதுரையில் கருவி விற்றவரிடம் கேட்டேன். ஏரியலை வெளியே உயரத்தில் கட்டி, ஒயரை அறைக்குள் இறக்கிக் கருவியில் மாட்டச் சொன்னார். அங்கே உயரமாக இருந்தது ஒன்றுதான், மருந்து அறையின் இடிதாங்கிக் கம்பம். இடிதாங்கியைக் கழற்றிவிட்டு அதில் ஏரியலைக் கட்டச் சொன்னேன். ஃபோர்மேன் கோட்டைச்சாமி தயங்கினார்.

"அண்ணாச்சி, இடிதாங்கியவா கழத்தச் சொல்லுதீக?"

"ஏரியலுக்குப் புதுக் கம்பம் வார வரைக்கும்தான்வே."

புதுக் கம்பத்துக்கு நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. இடிதாங்கி எதற்கு என்று தெரியாதவனும் இல்லை. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ்.

இருக்கன்குடி மாரியம்மன் குங்குமம் வைத்து ஏரியலை ஏற்றினோம். அறைக்குள்ளிருந்து மாரித்தாய் தும்மினால்கூட ஆபீஸில் கேட்டது.

அன்றைக்கு அதைக் காட்டத்தான் சேக்காளிகளைக் கூப்பிட்டிருந்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் குரல் வந்தது.

"மொதலாளி, மேகம் கறுத்துட்டு வருது. மின்னல் வேற வெட்டுது. வெளிய வந்துறவா?"

சேக்காளிகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதும் சரி என்று சொன்னால் அது என்ன முதலாளித்தனம்?

"லோடு முடியட்டும். இருங்க" என்றேன்.

மின்னல் கம்பத்தில் விழுந்து ஒயர் வழியாகவே உள்ளே போயிற்று. மாரித்தாய், அவள் மகள் பாண்டிச்செல்வி, கூட மருந்து கலந்த சங்கிலிமுத்து. பாண்டிச்செல்வியை வளையலை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். நான் வெளியே வரச் சொன்னேனாம், சுவர் கனத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லையாம், அப்படி எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாமாம். என் வாக்குமூலத்தில் அதை மட்டும் எழுதாதீர்கள் சார். இடிதாங்கியைக் கழற்றச் சொன்னது நான். இருக்கச் சொன்னதும் நான். "சரிங்க மொதலாளி" என்று அவள் பதில் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். அந்தச் சுவருக்குள்ளிருந்து அவ்வளவு தெளிவாக வேறு எவன் கம்பெனியிலும் கேட்காது.